ரிஸ்க் பட்டியல் கையில் இருந்தும் ப்ராஜெக்ட் ஏன் சறுக்குகிறது?

மூன்று ப்ராஜெக்ட்களை ஒரே சமயத்தில் நடத்துகிறீர்கள், அதில் டேட்டா மாற்றும் ப்ராஜெக்ட்டுக்குத்தான் அவசரம். மாதாமாதம் ரிஸ்க் பட்டியலை, அதாவது வரக்கூடிய ஆபத்துகளின் பட்டியலை, திறந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் மாற்றுகிறீர்கள். ஆனாலும் கடைசியில் அடி விழுவது பட்டியலிலேயே இல்லாத ஒன்றிலிருந்து, அல்லது ஆறு மாதமாக மஞ்சளாகவே கிடந்த ஒன்றிலிருந்து. அப்புறம் மேலிடம் "நீங்கள் எடுத்த முடிவு தப்பு" என்கிறது. இதைவிட நல்ல டெம்ப்ளேட்டோ மென்பொருளோ இருக்கிறதா, கெட்டுப்போகும் ப்ராஜெக்ட்டை எப்போது நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது டெம்ப்ளேட் இல்லை என்று நினைக்கிறேன். ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருந்தும் அது நம் முடிவுகளை ஏன் மாற்றவில்லை என்பதைத்தான் கேட்கிறீர்கள். அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: விளைவு மோசமாக வந்தால், எடுத்த முடிவும் மோசம் என்று ஆகிவிடுமா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதை நிறுவுவது, டேட்டாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது மாதிரியான ப்ராஜெக்ட்களைப் பல வருடங்கள் நடத்தியவன் நான். பிறகு மற்றவர்கள் நடத்துவதை ஆய்வு செய்யும் வேலைக்கு வந்தேன். கட்டுமானம், மருந்து ஆராய்ச்சி போன்ற துறைகளின் ஒப்பந்த நுணுக்கங்களை அந்தத் துறைக்காரர்களிடம் கேட்பதுதான் முறை. கீழே சொல்வதில் பெரும்பகுதி அங்கும் பொருந்தும், எல்லாமே பொருந்தாது.

முதலில் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். நான் ஆய்வு செய்யப் போகும் இடங்களில் எல்லாம் பார்க்கும் ஒரு வரி உண்டு: "வெண்டர் தாமதம். நடுத்தரம். கண்காணிக்கப்படுகிறது." இந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் செய்ய முடியாது. எந்த வெண்டர் (நமக்கு வேலை செய்து தரும் வெளி நிறுவனம்), எதைத் தர வேண்டும், தாமதமானால் எது நிற்கும், தாமதம் என்று நாம் எந்தத் தேதியில் ஒப்புக்கொள்வோம், ஒப்புக்கொண்டால் என்ன செய்வோம், எதுவும் அதில் இல்லை. அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: "பில்லிங் சிஸ்டத்தோடு இணைக்கும் நிரலை வெண்டர் மார்ச் 10க்குள் தராவிட்டால், டெஸ்டிங்குக்கு மூன்று வாரத்துக்குப் பதில் ஒரு வாரம்தான் மிஞ்சும். மார்ச் 3 அன்று அவர்கள் பாதி நிரலையாவது ஓட்டிக் காட்டவில்லை என்றால், ஏப்ரலில் பில்லிங் இல்லாமல் மற்ற பகுதிகளை மட்டும் தொடங்குவோம். முடிவெடுப்பவர் பில்லிங் துறைத் தலைவர்." வரி நீளமாகிவிட்டது உண்மைதான். ஆனால் இப்போது அதில் ஒரு தேதி, ஓர் அறிகுறி, ஒரு மாற்றுவழி, ஒரு பொறுப்பாளர் இருக்கிறார்கள். மார்ச் 3 வந்தால் யாரும் புதிதாக யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் பட்டியலைச் சோதிக்க நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த வரி இருப்பதால் பட்ஜெட்டிலோ, தேதியிலோ, வேலையின் அளவிலோ, ஆட்களிலோ என்ன மாறியிருக்கிறது? எதுவுமே மாறவில்லை என்றால், அந்த ஆபத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஏற்பதில் தவறில்லை. எல்லா ஆபத்தையும் தடுக்கப் போனால் ப்ராஜெக்ட்டே நடக்காது. அப்படியானால் "ஏற்கிறோம்" என்று வெளிப்படையாக எழுதி, யார் ஏற்றது என்ற பெயரையும் போடுங்கள். அந்தப் பெயரைப் போடச் சொல்லும்போதுதான் பாதிப் பேர் "இருங்கள், இதை இன்னொரு முறை பார்க்கலாம்" என்பார்கள். அதுவே ஒரு பயன். "கண்காணிப்போம்" என்ற சொல்லை மட்டும் பட்டியலிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். யாரும் எதையும் செய்யாமல் இருப்பதற்கு அது ஒரு மறைவிடமாகிவிட்டது.

அடுத்து அந்த நிறங்கள். நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கி நிறம் போடும் கட்டம் பல நிறுவனங்களில் இருக்கிறது. அதில் அடிக்கடி நடக்கும் சிறு தொல்லை ஐந்து பெருக்கல் இரண்டு, பத்து. அரிதாக நடந்து நிறுவனத்தையே முழுக வைக்கும் சம்பவம் இரண்டு பெருக்கல் ஐந்து, அதுவும் பத்து. இரண்டும் ஒரே மஞ்சள். ஆபத்து ஆய்வாளர் லூயிஸ் அந்தோணி காக்ஸ் 2008இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதன் கணிதக் கோளாறுகளை விரிவாகக் காட்டினார். அடிக்கடி நடப்பது சிறியதாகவும் அரிதாக நடப்பது பெரியதாகவும் இருக்கும் சூழலில், இந்தக் கட்டம் தரும் வரிசை கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதைவிட மோசமாகக்கூட அமையலாம் என்பது அவர் முடிவு. வியாபார ப்ராஜெக்ட்களில் பெரும்பாலும் நிலவுவது அதே சூழல்தான். ஆகவே கட்டத்தைக் கூட்டத்தில் பேச்சைத் தொடங்கி வைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி வரும் எண்ணை வைத்து முன்னுரிமை தராதீர்கள். அதற்கு முன் ஒரு கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்: இது நடந்தால் நாம் மீள முடியுமா? முடியாது என்ற பதில் வரும் எதுவும், வாய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தனிப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

இதை நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய நிரல் ஒன்றை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விட்டுப்போனது. அந்த எட்டாவதில், 2003க்குப் பிறகு பயன்படுத்தாத பழைய நிரல் துண்டு ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய நிரலை இயக்க வைத்திருந்த குறியீடு, முன்பு அந்தப் பழைய துண்டை இயக்கிய அதே குறியீடு. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் நிறுத்தாமல் ஆர்டர் போட ஆரம்பித்தது. 45 நிமிடத்தில் 212 வாடிக்கையாளர் ஆர்டர்களை நிறைவேற்றப் போய் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்துவிட்டது. சர்வர் ஒன்று விட்டுப்போனதைவிட என்னை யோசிக்க வைப்பவை இரண்டு விஷயங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பின் விசாரணை ஆணை சொல்வதுபடி, சந்தை திறப்பதற்கு முன்பே அந்தப் பழைய துண்டின் பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குத் தானாகவே போயிருந்தன. அவற்றை எச்சரிக்கையாக நினைத்துப் பார்க்க வேண்டியவர் என்று யாரும் இல்லை. இரண்டாவது, சிக்கல் தெரிந்ததும் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். பழைய துண்டு அங்கும் உயிர்பெற்று, நிலைமை இன்னும் கெட்டது. அறிகுறி வந்தால் யார் பார்ப்பது, யாருக்கு நிறுத்தும் அதிகாரம், எப்படிப் பின்வாங்குவது என்ற மூன்றும் பதற்றம் இல்லாத ஒரு நாளில் முடிவாகியிருந்தால், நஷ்டம் அந்த அளவுக்குப் போயிருக்காது. உங்கள் பட்டியலின் ஒவ்வொரு பெரிய வரிக்கும் இந்த மூன்று பதில்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இனி மதிப்பீடுகள். பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து அடி விழுகிறது என்றீர்களே, அதில் நிறைய ஆரம்பத் தேதியும் ஆரம்பத் தொகையும் தவறாக இருந்ததன் விளைவு. இந்த விஷயத்தில் ஆய்வுகள் உறுதியாகவே பேசுகின்றன. நம் வேலை எப்போது முடியும் என்று கேட்டால் நாம் வழக்கமாகக் குறைத்தே சொல்கிறோம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் இதை 1979இலேயே விளக்கினார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேடு எப்போது முடியும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்றும் தனியாகக் கேட்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன சராசரி சுமார் 49 நாள். நாம் "மிக மோசமான நிலை" என்று நினைத்துச் சொல்வதுகூட நிஜத்தைவிட நல்லதாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். டீமிடம் "கொஞ்சம் பாதுகாப்பாகச் சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்கும் தேதியை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இதற்கு மருந்து, வேலையை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் கணக்குப் போடுவது இல்லை. இதே மாதிரி வேலைகள் முன்பு எவ்வளவு நாள் எடுத்தன என்று பார்ப்பதுதான். பெரிய தரவுத்தளம் எதுவும் தேவையில்லை. உங்கள் நிறுவனத்தில் கடைசியாக முடிந்த ஆறேழு ப்ராஜெக்ட்களை எடுங்கள். முதன்முதலில் ஒப்புதல் வாங்கும்போது சொன்ன தேதி, உண்மையில் முடிந்த தேதி, இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். நடுவில் திருத்திய தேதிகளைத் தொடவே தொடாதீர்கள், அவை உண்மையை மறைக்கும். பெரும்பாலும் ஒன்றரை மடங்கு என்பது மாதிரி ஏதோ ஒரு விகிதம் எழுந்து நிற்கும். "இந்த முறை அப்படி இல்லை, இது வேறு" என்ற குரல் டீமிலிருந்து உடனே வரும். போன முறையும் அதையேதான் சொன்னார்கள் என்பதை அந்தத் தாளே காட்டும். ஆறேழு என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதிலிருந்து துல்லியமான கணிப்பு வராது. ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் ஊகித்துச் சொன்ன தேதியைவிட அது எவ்வளவோ மேல்.

சராசரியை மட்டும் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெண்ட் ஃப்ளிவ்பியாவும் அலெக்சாண்டர் புட்சியரும் 1,471 ஐடி ப்ராஜெக்ட்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், சராசரிச் செலவு மீறல் 27 சதவீதம்தான். சமாளிக்கக்கூடியதாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் ஆறில் ஒன்று சராசரியாக 200 சதவீதம் மீறியது, கால அளவிலும் சுமார் 70 சதவீதம் மீறியது. சிட்னி ஓப்ரா ஹவுஸ் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963இல் முடியும் என்று தொடங்கி, 10 கோடியே 20 லட்சம் செலவாகி 1973இல் திறந்தது. இப்படியானவை எங்கோ ஒன்று நடக்கும் விபத்து என்று ஒதுக்க முடியாது என்பதைத்தான் அந்த ஆறில் ஒன்று சொல்கிறது. பத்து, பதினைந்து சதவீதம் கூடுதலாக ஒதுக்கி வைப்பது சாதாரண ஏற்ற இறக்கத்துக்குப் போதும். அந்த ஆறில் ஒன்றாக நம்முடையது ஆகிவிட்டால் அது எந்த மூலைக்கும் காணாது. பெரும் மீறலைக் கூடுதல் பணத்தால் தடுக்க முடியாது. ப்ராஜெக்ட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் தனியாகவே பயன் தருவதாக அமைத்து, எந்தத் துண்டுக்குப் பிறகும் நிறுத்தலாம் என்ற நிலையை வைத்திருப்பதுதான் வழி. சொன்ன எண்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள், அரசுத் துறைகளின் ப்ராஜெக்ட்களிலிருந்து வந்தவை. ஐந்து பேர் டீமுக்கு அதே விகிதம் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிதாகச் சறுக்கும் வாய்ப்பு நாம் நினைப்பதைவிட அதிகம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து வேலைகள், ஒவ்வொன்றும் சொன்ன நாளில் முடிய 90 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். பத்தும் சொன்ன நாளில் முடியும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம்தான். நான்கு டீம்கள் தனித்தனியாகச் செய்து ஒரே நாளில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 80 சதவீதம் என்றால், நான்கும் சேரும் வாய்ப்பு 41 சதவீதம். யாரும் சோம்பேறி இல்லை, யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் தேதி தவறுகிறது. ஆகவே மேலிடத்துக்கு ஒற்றைத் தேதி கொடுக்காதீர்கள். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள தேதி ஒன்று, பத்தில் ஒன்பது வாய்ப்புள்ள தேதி ஒன்று, இரண்டையும் கொடுங்கள். டீம் முதல் தேதியை நோக்கி வேலை செய்யட்டும். வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுப்பது இரண்டாவதாக இருக்கட்டும். "இரண்டு தேதி எதற்கு, ஒன்றைச் சொல்லு" என்பார்கள். அப்போது எந்த அளவு உறுதி வேண்டும் என்று கேட்டுவிட்டு ஒன்றைச் சொல்லுங்கள். பேச்சின் தன்மையே மாறிவிடும்.

முடிவெடுப்பதற்கு வருகிறேன். எல்லா முடிவுக்கும் ஒரே அளவு யோசனை தேவையில்லை. திரும்பி வரக்கூடிய முடிவா, வர முடியாததா என்று முதலில் பிரிக்க வேண்டும். அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் இதையே இருவழிக் கதவு, ஒருவழிக் கதவு என்று சொன்னார். திரும்ப வரக்கூடியதைக் கீழ்நிலையில் உள்ளவர்களே அன்றே முடிவு செய்துவிடலாம். திரும்ப முடியாததற்கு நேரம் எடுக்க வேண்டும். நடைமுறையில் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறு: திரையின் நிறத்துக்கு மூன்று கூட்டம் போடுகிறார்கள், ஐந்து வருட ஒப்பந்தம் ஒரே மாலையில் கையெழுத்தாகிறது. இதில் இன்னும் பயனுள்ள வேலை, திரும்ப முடியாத முடிவைத் திரும்பக்கூடியதாக மாற்றுவது. முழு நிறுவனத்துக்கும் போடுவதற்கு முன் ஒரு கிளையில் மட்டும் போடுவது, பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டுவது, ஒப்பந்தத்தில் ஆறாவது மாதம் விலகும் உரிமையை விலை கொடுத்தாவது வாங்குவது, எல்லாம் அந்த வகை. இவற்றுக்கு ஆகும் செலவை வீண் என்று நினைக்காதீர்கள். அது நீங்கள் கட்டும் காப்பீட்டு பிரீமியம்.

அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் இதற்கு எதிர்ப்பக்கம். 1993 அக்டோபரில் திறப்பதாக இருந்தது, 1995 பிப்ரவரியில்தான் திறந்தது. அந்த அளவில் எங்கும் ஓட்டிப் பார்த்திராத பயணிகளின் பெட்டிகளைத் தானாகவே கொண்டுபோகும் அமைப்பு வேலை செய்யாமல் போனதுதான் தாமதத்துக்கு முக்கியக் காரணம். கடைசியில் வழக்கமான அமைப்பு ஒன்றையும் அவசரமாகக் கட்டித்தான் திறக்க முடிந்தது. தானியங்கி அமைப்பை 2005இல் நிறுத்தியே விட்டார்கள். புதிய தொழில்நுட்பத்தை முயன்றதைக் குறை சொல்ல நான் வரவில்லை. முழுத் திறப்பு விழாவும் அந்த ஒன்றின் மேல் தொங்கும்படி விட்டதும், மாற்று இல்லாமல் இருந்ததும்தான் பிரச்சினை. உங்கள் ப்ராஜெக்ட்டிலும் இதுவரை யாரும் செய்து பார்க்காத பகுதி எதுவென்று கண்டுபிடித்து, அதை முதல் மாதத்திலேயே சிறிய அளவில் ஓட்டிப் பாருங்கள். சுலபமான வேலைகளை முதலில் முடித்து "60 சதவீதம் முடிந்தது" என்று காட்டுவது எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மிச்சமிருக்கும் 40இல்தான் தெரியாதவை எல்லாம் உட்கார்ந்திருக்கும்.

பட்டியலில் வராத ஆபத்துகளை எப்படி வெளியே கொண்டுவருவது? எனக்குப் பிடித்த வழி, உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் பரவலாக அறிமுகப்படுத்திய முறை. ப்ராஜெக்ட் தொடங்கும் முன் எல்லோரையும் உட்காரவைத்து, "ஒரு வருடம் கழித்து நிற்கிறோம், இந்த ப்ராஜெக்ட் படுதோல்வி, என்ன நடந்தது என்று எழுதுங்கள்" என்று பத்து நிமிடம் கொடுக்க வேண்டும். பேசாமல், தனித்தனியாக, தாளில். "என்ன தப்பாகப் போகலாம்" என்று கேட்டால் குறை சொல்பவன் என்ற பெயர் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்பவர்கள், தோல்வி நடந்தே விட்டது என்று சொல்லிக் கேட்டால் தாராளமாக எழுதுகிறார்கள். நடந்துவிட்டதாக நினைத்து யோசிக்கும்போது அதிகக் காரணங்கள் தோன்றுகின்றன என்பதற்கு ஆய்வு ஆதரவு உண்டு. இதைச் செய்த ப்ராஜெக்ட்கள் அதிகமாக வெற்றி பெறுகின்றன என்று அதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. காரணங்களை எழுதி வாங்கிவிட்டு அலமாரியில் வைத்தால் பழைய பட்டியலின் கதிதான் இதற்கும்.

தாளில், தனித்தனியாக என்று நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. 1986இல் நாசாவின் சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, அதன் ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். தொலைபேசிக் கூட்டத்தில் அழுத்தம் வந்ததும் அவர்களுடைய நிர்வாகமே அந்தப் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. மறுநாள் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். பின்னர் விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் கண்டது: விபத்து வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால் நாசா நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றது, வேலை செய்யும் பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்கிற அளவில் சொன்னார்கள். ஒரே இயந்திரம், ஒரே நிறுவனம், ஆயிரம் மடங்கு வித்தியாசம். கூட்டத்தில் முதலில் பேசுபவர் பதவியில் பெரியவராக இருந்தால் கீழே உள்ளவரின் எண் வெளியே வரவே வராது. எனவே கூட்டத்துக்கு முன்பே எல்லோரிடமும் எண்களை எழுதி வாங்குங்கள். எண்கள் ஒத்துப்போகாத இடத்தில் சராசரி எடுக்காதீர்கள். ஏன் ஒத்துப்போகவில்லை என்று பேசுங்கள், ஆபத்து அங்கேதான் இருக்கும்.

நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இவ்வளவு செலவழித்துவிட்டோம், இனி எப்படி விடுவது என்ற நினைப்பு எவ்வளவு வலிமையானது என்பதை பேரி ஸ்டா 1976இலேயே சோதனை செய்து காட்டினார். தாங்களே எடுத்த முடிவு கெட்டுப்போனபோது, மக்கள் அதிலேயே இன்னும் அதிகப் பணத்தைப் போட்டார்கள். கணக்கு நேரானது. இதுவரை 80 செலவு, இன்னும் 40 தேவை, முடிந்தால் 60 பயன் என்றால் தொடர வேண்டும், மொத்தம் 120 செலவழித்து 60 பெறுவது எவ்வளவு வலித்தாலும். இன்னும் 70 தேவை என்றால் நிறுத்த வேண்டும், 80 போனது போனதுதான். கணக்கில் தவறு வருவது அந்த 40இல். முதல் மதிப்பீட்டைத் தப்பாகச் சொன்ன அதே ஆட்கள்தான் மிச்சம் 40 என்றும் சொல்கிறார்கள். அதனால் மிச்சச் செலவை வெளியாள் ஒருவர் மதிப்பிட வேண்டும். நிறுத்தும் நிபந்தனையை ப்ராஜெக்ட் தொடங்கும் அன்றே எழுதி, ஆரம்பித்தவர் அல்லாத ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். "இரண்டாம் கட்ட முடிவில் சோதனைக் கிளையில் பத்தில் ஏழு பேராவது புதிய சிஸ்டத்தை நாள்தோறும் பயன்படுத்தாவிட்டால் மூன்றாம் கட்டத்துக்குப் பணம் கிடையாது" என்கிற அளவுக்குத் திட்டவட்டமாக. ஏழா எட்டா என்ற எண்ணைச் சரியாக வைப்பதற்கு விதி எதுவும் இல்லை. பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் மேலிடம் சொல்வதற்கு வருவோம். ஜோனதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மருத்துவ முடிவு, ஒரே தகவல், விளைவு மட்டும் வேறு. நோயாளி பிழைத்தால், அதைப் படித்தவர்கள் முடிவு நல்லது என்றார்கள், இறந்தால் மோசம் என்றார்கள். உங்களுக்கும் நடப்பது இதுதான். இதிலிருந்து உங்களைக் காக்கக்கூடியது, முடிவெடுத்த அன்றே எழுதி வைத்த அரைப்பக்கம். அன்று என்ன தெரிந்திருந்தது, என்னென்ன வழிகள் இருந்தன, இதை ஏன் எடுத்தோம், என்ன நடக்கும் என்று எத்தனை சதவீதம் எதிர்பார்த்தோம், எப்போது திரும்பப் பார்ப்போம். இது வாதாடுவதற்கான ஆவணம் மட்டும் இல்லை. இருபது முப்பது அரைப்பக்கங்கள் சேர்ந்தால், 80 சதவீதம் என்று நீங்கள் சொன்னவற்றில் உண்மையிலேயே பத்தில் எட்டு நடந்ததா என்று எண்ணிப் பார்க்கலாம். உங்கள் முடிவுகள் உண்மையாகவே மோசம் என்று தெரியவந்தால், அதுவும் தெரிய வேண்டியதுதான். ஒரே ஒரு ப்ராஜெக்ட்டை வைத்து மட்டும் யாரும், நீங்களும் சரி அவர்களும் சரி, எதையும் நிரூபிக்க முடியாது.

அனுபவத்தை நம்பலாமா, எண்களை நம்பலாமா என்ற கேள்வியில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. உள்ளுணர்வைச் சந்தேகித்த கானமனும் அதை மதித்த க்ளைனும் சேர்ந்தே 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் ஒத்துக்கொண்டது: சூழல் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதாக இருந்து, முடிவின் பலன் சீக்கிரம் தெரிந்து, அதைப் பலமுறை செய்து பழகியிருந்தால் உள்ளுணர்வை நம்பலாம். சர்வர் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதில் பத்து வருட அனுபவசாலியின் மூக்கை நான் நம்புவேன். இந்தப் புதிய சந்தையில் இந்தப் பொருள் விற்குமா என்பதில் அதே ஆளின் மூக்கை நம்ப மாட்டேன். அங்கே கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கும் மாண்டே கார்லோ கணக்கும் உதவாது, உள்ளே போடும் எண்களே ஊகம் என்பதால். அளக்க முடிந்த ஆபத்து வேறு, அளக்கவே முடியாத நிச்சயமின்மை வேறு என்று பொருளாதார அறிஞர் ஃப்ராங்க் நைட் 1921லேயே பிரித்துச் சொன்னார். இரண்டாவதில் சதவீதம் போட்டுக்கொண்டிருக்காமல், நேரத்திலும் பணத்திலும் கொஞ்சம் இடைவெளி விட்டு, சிறிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நடந்துகொண்டிருக்கும் மூன்றில் டேட்டா மாற்ற ப்ராஜெக்ட்டுக்குத்தான் அவசரம் என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. அதில் நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று: பழைய சிஸ்டத்தின் லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது, அதை நீட்டிக்க எவ்வளவு ஆகும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கோ-லைவ் தேதிக்கு, அதாவது புதிய சிஸ்டம் இயங்கத் தொடங்கும் நாளுக்கு, அடுத்த வாரமே லைசென்ஸ் முடிகிறது என்றால், பழையதற்கே பின்வாங்கும் திட்டம் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பது வெறும் தாள். நான் ஆய்வு செய்த இடங்களில் இந்தத் தேதி பெரும்பாலும் கொள்முதல் துறையிடம்தான் இருக்கும், ப்ராஜெக்ட் டீமில் யாருக்கும் தெரிந்திருக்காது. தேதி கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். அதை வைத்து எத்தனை வாரம் இரண்டு சிஸ்டத்தையும் சேர்த்து ஓட்டலாம் என்று பார்த்துவிடலாம்.